வீட்டில செய்யிறது

பனி தள்ளுகிற இரும்புப் பலகைக்கு ஆங்கிலத்தில் கலப்பையின் பெயர்தான்: பிளவ். கனடாவில் இருக்கும் நம்மவர்கள் அதை யாரும் கலப்பை என்று சொல்வதில்லை. "ட்ரக்கில பிளவ் பூட்டியாச்சோ?" என்றுதான் கேட்பார்கள். ஆனால் அந்தப் 'பூட்டுதல்' என்ற சொல்லை மட்டும் விடவில்லை. ஊரில் மாட்டை ஏரில் பூட்டினோம், இங்கே பிளவை ட்ரக்கில் பூட்டுகிறோம். ஏர் பூட்டுவது ஆண்களின் வேலை என்பதும் அந்தச் சொல்லோடு சேர்ந்து விமானம் ஏறி வந்துவிட்டது.

கிளிநொச்சியில் எங்கள் வயலில் அம்மா நாற்று நட்டிருக்கிறா, களை பிடுங்கியிருக்கிறா, சூடடிக்கும்போது இரவிரவாகத் தேத்தண்ணி ஊற்றியிருக்கிறா. கலப்பையில் மட்டும் கை வைத்ததில்லை, வைக்க விட்டதில்லை. ஆனால் உழவு முடிந்து கலப்பை வீட்டுக்கு வந்ததும் அதிலிருந்த சேற்றைச் சுரண்டிக் கழுவி, கொழுவில் எண்ணெய் தடவி, கொட்டிலில் சாய்த்து வைத்தது அம்மாதான். அப்போது அந்தத் தடை எங்கே போனது என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. ஓடும் கலப்பை ஆணுடையது, ஓய்ந்த கலப்பை பெண்ணுடையது என்று ஒரு எழுதாத ஒப்பந்தம் இருந்திருக்க வேண்டும்.

ஸ்காபரோவில் எனக்கும் அதே ஒப்பந்தம்தான் கிடைத்தது.

2012ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் என் கணவரும் அவருடைய தம்பியும் சேர்ந்து பழைய பிக்கப் ட்ரக் ஒன்றும், அதற்கு 8 அடி அகலமான பிளவ் ஒன்றும் வாங்கினார்கள். ஒரு சிறிய கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடமும் ஏழெட்டு வீட்டு வாசல்களும் ஒப்பந்தமாகக் கிடைத்தன. கொம்பனி இரண்டு பேருடைய பெயரிலும் பதியப்பட்டது. பனி கொட்டிய இரவுகளில் இரண்டு பேரும் முறை வைத்துப் போவார்கள். போன மணித்தியாலத்துக்குக் கொம்பனியிலிருந்து சம்பளம் எடுப்பார்கள். விடிய ஆறு மணிக்குத் திரும்பி வந்து, கண்ணிமையில் பனி உருக, "இண்டைக்கு 20 சென்றிமீற்றர்" என்று சொல்லிக்கொண்டு சாப்பிடும்போது போருக்குப் போய் வந்தவர்களைப் போலத்தான் இருக்கும். குறை சொல்லவில்லை. அது உண்மையிலேயே கடினமான வேலை.

ஆனால் ஏப்ரல் மாதத்தில், மரங்களில் மொட்டு வரும்போது, அந்த இரும்பு எங்கள் வீட்டுப் பின்புறத்துக்கு வந்து சேரும். அதன் பிறகு அதைப் பற்றி நினைக்க வேண்டிய ஆள் நான்.

முதல் வருடம் யாரும் என்னிடம் கேட்கவில்லை. கராஜின் ஓரத்தில் பிளவ் நின்றது. மே மாதம் குப்பைத் தொட்டியை இழுக்கப் போனபோது, பலகையின் பின்பக்கம் முழுக்கச் செம்மஞ்சள் நிறத்தில் துரு பூத்திருப்பதைப் பார்த்தேன். பனியைவிட உப்புத்தான் இரும்புக்கு எமன். வீதிகளில் கொட்டுகிற கல்லுப்பு, சில இடங்களில் கல்சியம் குளோரைட் கரைசல், எல்லாம் பற்றவைத்த மூட்டுகளுக்குள்ளும் போல்ட் தலைகளுக்கு அடியிலும் போய் ஒளிந்திருக்கும். குளிரில் அது மெதுவாகத்தான் தின்னும். வெயில் வந்து ஈரமும் சூடும் சேர்ந்ததும் பசி கூடிவிடும். அதனால் பனிக்காலத்தைவிட வசந்தம்தான் பிளவுக்கு ஆபத்தான காலம். எல்லாரும் வேலை முடிந்தது என்று கையை உதறுகிற நேரத்தில்தான் உண்மையான வேலை தொடங்குகிறது.

பாவனைக் கைநூலை எடுத்து வாசித்தேன். எனக்கு ஆங்கிலம் வராது என்று நினைத்துக் கணவர் அதை லாச்சிக்குள் போட்டிருந்தார். ஒரு பிளவை எப்படி உறங்க வைப்பது என்று அதிலிருந்தும், அதன் பிறகு என் கைகளிலிருந்தும் கற்றுக்கொண்டேன். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இதை வாசிக்கிறவர்களில் ஒருவருக்காவது நாளைக்குப் பயன்படலாம். அதோடு, விபரம் இல்லாமல் 'பராமரிப்பு' என்ற ஒரு சொல்லால் இந்த வேலைகளை மூடிவிடுவதே இவற்றைக் காணாமல் ஆக்கும் வழி.

முதலில் கழுவ வேண்டும். முன்பக்கத்தை எல்லாரும் கழுவுவார்கள், அது பளபளப்பாகத் தெரியும். பின்பக்கத்து விலா எலும்புகளும் ட்ரக்கோடு இணைகிற சட்டமும்தான் முக்கியம். அழுத்தத் தண்ணீர் நல்லது. ஆனால் மின் இணைப்புகளுக்கும் சீல்களுக்கும் நேரே பிடிக்கக் கூடாது. காய்ந்த பிறகு கீறல்களைத் தேடிப் பார்க்க வேண்டும். பெயின்ற் போன இடத்தைச் சுரண்டி, துருவை உரஞ்சி, அடிப்பூச்சுப் பூசி, மேலே பெயின்ற் அடிக்க வேண்டும். பற்றவைத்த இடங்களில் மயிரளவு வெடிப்பு இருந்தாலும் அப்போதே கண்டுபிடித்துவிட வேண்டும், ஜனவரியில் கண்டுபிடித்துப் பிரயோசனமில்லை.

பிறகு விளிம்பு. பலகையின் அடியில் தரையைத் தொடுகிற உருக்குத் தகடு ஒன்று போல்ட்டால் பூட்டப்பட்டிருக்கும். அது தேய்வதற்காகவே செய்யப்பட்டது. அதை மாற்றாமல் விட்டால் அடுத்ததாகத் தேய்வது பலகைதான், அதற்கு மாற்று இல்லை. வீட்டில் எல்லாருக்கும் முன்னால் நின்று தேய்கிற ஒரு ஆளை எனக்கு நன்றாகத் தெரியும் என்று அந்தத் தகட்டை அளக்கும்போதெல்லாம் நினைப்பேன், பிறகு என் நினைப்பை நானே சிரித்துத் தள்ளுவேன். தகட்டுக்கு மாற்றுத் தகடு கடையில் விற்கிறது.

ஸ்பிரிங்குகள் அடுத்தது. நிலத்தில் மறைந்திருக்கும் கல்விளிம்பிலோ சாக்கடை மூடியிலோ மோதினால் பலகை முன்னால் மடிந்துகொடுக்கும். ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுத்து நிமிர்த்தும். இல்லாவிட்டால் ஓட்டுபவரின் கழுத்தும் ட்ரக்கின் சட்டமும் அந்த அடியை வாங்கும். இழுவிசையில் இருக்கும் ஸ்பிரிங்கில் சும்மா கை வைக்கக் கூடாது. இடைவெளி சரியா, கொக்கி தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, ஆணிகளுக்கும் மூட்டுகளுக்கும் கிறீஸ் வைப்பேன்.

இதயம் என்று சொன்னால் ஹைட்ரோலிக் பகுதிதான். ஒரு மின்மோட்டார், ஒரு பம்ப், எண்ணெய்த் தொட்டி, வால்வுகள். அதிலிருந்து மூன்று சிலிண்டர்களுக்கு எண்ணெய் போகும். ஒன்று தூக்கும், மற்ற இரண்டும் இடமும் வலமும் திருப்பும். வருடம் ஒரு தடவை அந்த எண்ணெயை மாற்ற வேண்டும். சூடும் குளிரும் மாறி மாறி வர, தொட்டிக்குள் இருக்கும் காற்றின் ஈரம் வியர்த்து எண்ணெயில் கலக்கும். வடித்த எண்ணெய் பால்போல வெளிறியிருந்தால் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். மைனஸ் 15இல் அந்தத் தண்ணீர் உறைந்து எண்ணெயின் வழியை அடைத்துவிடும். நடுச்சாமத்தில் பலகை தூக்க மறுக்கும். வேறு எண்ணெய் ஊற்றினால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. குளிரில் தடிக்காத எண்ணெய் எதுவோ, கைநூல் எதைச் சொல்கிறதோ அதைத்தான் ஊற்ற வேண்டும்.

சிலிண்டருக்குள் போய் வருகிற தண்டு குரோமியம் பூசிய கண்ணாடி மாதிரி இருக்கும். அதில் ஒரு துருப்புள்ளி விழுந்தால், தண்டு உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும் அந்தப் புள்ளி ரப்பர் சீலை அறுக்கும். பிறகு எண்ணெய் கசியும். அதனால் தூக்கும் தண்டை முழுக்க உள்ளே இறக்கிவிட்டுத்தான் உறங்க வைக்க வேண்டும். திருப்புகிற தண்டுகள் அப்படி இல்லை. பலகை நேராக நின்றால் இரண்டிலும் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பாதிக்குத் தடிப்பாகக் கிறீஸ் பூசுவேன். பலகைக்கும் சட்டத்துக்கும் ஆட்டு உரோமத்தின் கொழுப்பில் செய்த ஒரு பூச்சு. வாசம் பிடிக்காது, ஆனால் நல்லது.

மின் இணைப்புகளின் செம்பு உப்பில் பச்சையாகப் பூத்துவிடும். சுரண்டித் துடைத்து, அதற்கென்று விற்கிற கிறீஸைத் தடவி, மூடியைப் போட்டு, வயர் நுனிகளை நிலத்தில் படாமல் உயரத்தில் கட்டிவிடுவேன். எலிகளுக்கு அது கூடு கட்ட நல்ல இடம். பிறகு பலகையை மண்ணில் வைக்காமல் தடித்த மரத்துண்டுகள் மேல் நிறுத்துவது. மேலே படங்கு, ஆனால் அடியில் காற்றுப் போக இடம் விட்டு. இறுக்கிப் போர்த்தால் உள்ளே வியர்த்து, போர்த்ததே துருவுக்குக் காரணமாகிவிடும். கடைசியாக, ட்ரக்கின் பின்பாரத்துக்குப் போட்டிருந்த எட்டு மணல் மூட்டைகளை இறக்கி, ட்ரக்கின் அடிவயிற்றைக் கழுவுவது. பிரேக் குழாய்கள் உப்பில் உக்கிப்போகும், அதை மறந்தால் பிளவ் இருந்து பயனில்லை.

இவ்வளவும் செய்ய எனக்கு ஏப்ரலில் இரண்டு நாட்கள் வேண்டும். ஒக்ரோபரில் திரும்ப ஒரு நாள்: பூட்டி, தூக்கி, திருப்பிப் பார்த்து, போல்ட்டுகளை இறுக்கி, பற்றரியைச் சோதித்து. பனிக்காலத்தில் ஒவ்வொரு தடவை ட்ரக் திரும்பி வந்ததும் முக்கால் மணித்தியாலம்.

உதிரிப்பாகக் கடையில் நடந்தவை தனிக் கட்டுரைக்குரியவை. சீல் தொகுதி ஒன்று கேட்டுப் போனால், முகப்பில் நிற்கிறவர் என் தோளுக்குப் பின்னால் பார்ப்பார், ஆண் யாராவது வருகிறாரா என்று. "உங்கள் கணவரைக் கூப்பிடச் சொல்லுங்கள், சரியான இலக்கம் வேண்டும்" என்பார். நான் சிலிண்டரின் விட்டத்தையும் நீளத்தையும் எழுதிய துண்டை நீட்டுவேன். மூன்றாம் வருடம் அவர் என்னிடமே, வேறொரு வாடிக்கையாளரின் கசிவுக்குக் காரணம் என்னவாக இருக்கும் என்று கேட்டார். மரியாதை கூடியதா என்றால் தெரியாது. அப்போதும் அவர் பற்றுச்சீட்டைக் கணவரின் பெயருக்குத்தான் எழுதினார், கணக்கு அந்தப் பெயரில் இருந்தது.

2022 ஜனவரி 17. ரொறன்ரோவில் இருந்தவர்களுக்கு அந்தத் திங்கட்கிழமை நினைவிருக்கும். டொன் வாலி பார்க்வேயையும் கார்டினர் விரைவுச்சாலையையும் மூடினார்கள். பஸ்கள் நின்ற இடத்திலேயே புதைந்தன. அன்று எங்களுக்குத் தெரிந்த இரண்டு பேரின் பிளவுகள் இடையில் நின்றுவிட்டன, ஒன்று எண்ணெய்க் குழாய் வெடித்து, மற்றது மோட்டார் எரிந்து. எங்களுடையது 16 மணித்தியாலம் ஓடியது. அடுத்த நாள் தம்பி வந்து, "அண்ணை நேற்று விளையாடினார்" என்றார். குழாயில் வெடிப்பு இருக்கிறதென்று நான் ஒக்ரோபரிலேயே மாற்றியிருந்தேன். வெடிக்காத குழாயை யார் கவனிப்பார்கள்? பழுதானதைத் திருத்துகிறவனை எல்லாருக்கும் தெரியும். பழுதாகாமல் பார்த்துக்கொள்கிறவளின் வேலையில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. தூசி படிந்தால்தான் கூட்டவில்லை என்று தெரியும், கூட்டியது யார் கண்ணுக்கும் தெரியாது.

எனக்குக் காட்டுவதற்கு ஒரு கொப்பி இருந்தது. முதல் வருடத்திலிருந்தே எழுதினேன், வீட்டுச் செலவு எழுதும் பழக்கத்தில். என்ன செய்தேன், எத்தனை மணித்தியாலம், எந்தப் பாகம், என்ன விலை. பின்பக்கத்தில் பனி இரவுகள்: எத்தனை மணிக்குப் போனார்கள், வெப்பநிலை என்ன, எத்தனை மூட்டை உப்பு.

அந்தக் கொப்பி ஒருமுறை எனக்குப் பிடிக்காத வேலையையும் செய்தது. கடைத்தொகுதியில் விழுந்த ஒரு பெண்ணின் வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்தது. ஒன்ராறியோவில் 2021 ஜனவரி முதல், பனியிலோ பனிக்கட்டியிலோ விழுந்தவர் 60 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று சட்டம்; இடத்துக்குப் பொறுப்பானவருக்கு அல்லது பனி அகற்ற ஒப்பந்தமானவருக்கு. காப்புறுதிக்காரர் பதிவுகளைக் கேட்டார்கள். கொப்பியைப் பிரதி எடுத்துக் கொடுத்தோம். நேரமும் உப்பும் ஒழுங்காக இருந்தன. பிறகு அந்த விடயம் எங்கள் பக்கம் வரவில்லை. கடிதத்தில் என் கொப்பியைக் 'கொம்பனியின் ஆவணங்கள்' என்று குறிப்பிட்டார்கள். அதைவிட என்னை உறுத்தியது வேறு. அந்தப் பெண் காலை ஐந்து மணிக்குத் துப்புரவு வேலைக்கு வந்தவள். பஸ் தரிப்பிலிருந்து கடை வாசலுக்கு நடந்திருக்கிறாள். அன்று மைனஸ் 14. மைனஸ் 10க்குக் கீழே கல்லுப்பு அவ்வளவாக வேலை செய்யாது. கொப்பி உண்மையைத்தான் சொன்னது, அந்த உண்மை அவளுக்கு உதவவில்லை.

சுவீடனில் கார்ல்ஸ்கோகா என்ற ஊரில் 2011இல் நகரசபையின் வேலைகளையெல்லாம் ஆண் பெண் சமத்துவக் கண்ணோட்டத்தில் பரிசீலித்தபோது, பனி அகற்றுவதிலாவது இந்தப் பெண்ணியக்காரர்கள் தலையிட மாட்டார்கள் என்று ஒருவர் பகிடி விட்டாராம். பார்த்தால், முதலில் பெருவீதிகளைத் துப்புரவாக்கி நடைபாதைகளைக் கடைசிக்கு விடுவது, கார் ஓட்டும் ஆண்களுக்கு முதலிடம் கொடுப்பதாக இருந்தது. நடந்து விழுந்து காயப்படுகிறவர்களில் பெண்கள்தான் அதிகம். அவர்கள் வரிசையை மாற்றினார்கள். 2016 நவம்பரில் ஸ்ரொக்ஹோமில் பெரும் பனி கொட்டி நகரம் ஸ்தம்பித்தபோது, இதே கொள்கையைப் பழித்து உலகம் முழுக்கச் சிரித்தார்கள். பனி தள்ளுவதில் என்ன பெண்ணியம் என்ற சிரிப்பு அது. எங்கள் ஒப்பந்தத்திலும் அடுத்த பனிக்காலம் முதல், பஸ் தரிப்பிலிருந்து வாசல்வரை உள்ள நடைபாதையை முதலில் சவளால் அள்ளிவிட்டுத்தான் ட்ரக் இறங்க வேண்டும் என்று எழுதி வைத்தேன். தம்பி முணுமுணுத்தார், செய்தார்.

2023 ஒக்ரோபரில் பழைய ட்ரக்கையும் பிளவையும் விற்பதென்று முடிவானது. பிரம்ரனிலிருந்து வாங்க வந்தவரும் நம்மவர்தான், பனி வேலையில் பழையவர். படங்கை விலக்கி, தண்டைத் தடவி, வயர் நுனிகளைத் திறந்து பார்த்தார்.

"அண்ணை, உண்மையா பதினொரு வின்ரர் ஓடினதோ? நம்பேலாமல் கிடக்கு. எந்தக் கராஜில குடுத்துப் பாக்கிறனீங்கள்?"

"கராஜில குடுக்கிறேல்லை," என்றார் கணவர். "வீட்டில செய்யிறது."

யார் செய்கிறது என்ற சொல் அந்த வசனத்தில் இல்லை. நான் பக்கத்தில் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். எங்கள் மொழியில் எழுவாய் இல்லாமலே வசனம் முடியும். அந்த வசதியை வீடுகள் நன்றாகப் பயன்படுத்துகின்றன. சமைச்சாச்சு. உடுப்புத் தோய்ச்சாச்சு. பிள்ளையளை ஏத்தியாச்சு.

வந்தவர் அண்ணன் தம்பி எதிர்பார்த்ததைவிட 2,000 டொலர் கூடக் கொடுத்தார், வைத்திருந்த விதத்துக்காக என்று சொல்லியே கொடுத்தார். இரண்டு நாள் கழித்துத் தம்பி ஒரு என்வலப்பைக் கொண்டுவந்து, "அண்ணி, உங்களுக்கு ஒரு சாறி எடுக்க" என்றார். நான் அதை வாங்கவில்லை. அன்றிரவு கொப்பியை விரித்துக் கூட்டினேன். எழுதி வைத்தவை மட்டும், 11 வருடங்களில் 407 மணித்தியாலங்கள். ஒன்ராறியோவில் அந்த மாதம் முதல் ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 16 டொலர் 55 சதம். கராஜ்காரர் ஒரு மணித்தியாலத்துக்குக் கேட்பது அதைவிடப் பல மடங்கு, ஆனால் நான் குறைந்ததையே வைத்தேன். 6,735 டொலர் 85 சதம். கொம்பனியின் பெயருக்குப் பில் எழுதி, மேசையில் வைத்தேன்.

"அண்ணி, குடும்பத்துக்குள்ள பில்லோ?"

"குடும்பத்துக்கில்லைத் தம்பி. கொம்பனிக்கு."

தம்பியின் மனைவி தொலைபேசியில், "அக்கா, இப்ப எல்லாருக்கும் மனக்கரைச்சல்" என்றா. அவ சொன்னதும் பொய்யில்லை. கணவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கேட்டார்: "அப்ப சமைக்கிறதுக்கும் பில் போடுவீரோ?"

அவர் குத்திக் கேட்டதுதான், ஆனால் கேள்வி நல்ல கேள்வி. 1972இல் இத்தாலியில் கூடிய பெண்கள் வீட்டுவேலைக்குக் கூலி கேட்டு இயக்கம் தொடங்கினார்கள். ரொறன்ரோவிலும் அதற்கு ஒரு குழு இருந்தது. அது சமையலுக்கு விலை போடும் ஆசையால் வந்ததல்ல, அதை வேலை என்று ஒப்புக்கொள்ள வைப்பதற்காக வந்தது. இதையெல்லாம் நான் அவருக்கு விளங்கப்படுத்தவில்லை. "சமையலை வித்து நீங்கள் ரெண்டு பேரும் காசு பங்கு போட்டால் போடுவன்" என்றேன்.

பணம் மூன்று தவணையாக வந்தது. முதல் தவணையில் தம்பி குறிப்பில் 'அன்பளிப்பு' என்று போட்டிருந்தார், திருப்பி அனுப்பினேன். அடுத்த முறை 'பராமரிப்பு' என்று வந்தது. மிச்சத்தில் கொஞ்சம் இன்னும் வரவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன். கொம்பனிப் பதிவில் என் பெயரைச் சேர்க்கும் பேச்சு நடக்கிறது. கணவருக்குச் சம்மதம், தம்பிக்கு இழுபறி. நான் கையெழுத்து விழும்வரை புதிய பிளவின் சாவியையும் கைநூலையும் என்னிடமே வைத்திருக்கிறேன்.

புதியது நடுவில் கீல் உள்ளது, இரண்டு சிறகும் தனித்தனியே மடியும். பின்னால் மடித்து நிறுத்தினால் திருப்பும் தண்டுகள் இரண்டும் முழுக்க உள்ளே போய்விடும்; கிறீஸ் அரைவாசி மிச்சம். ஆனால் நடுக் கீலின் ஆணி தடித்தது, தேய்மானம் எல்லாம் அதில்தான் வரும். அதைக் கழற்றிப் பார்க்க இரண்டு ஆட்கள் வேண்டும். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமையைத் தம்பிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அவருடைய மணித்தியாலங்களையும் கொப்பியில் எழுதுவேன்.